பட்டாளத்தார் போய்விட்டார், அந்த நோட்டு இனி யாரிடம்?

புதாற்றங்கரை எழுதியது:

நம் பக்கத்து ஆட்கள் பலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். படைவீரர் குடும்பங்களுக்கு ஓய்வூதியம் கிடைக்க அலைந்தவர், ஒரத்தநாட்டுப் பக்கம் எல்லோரும் பட்டாளத்தார் என்று கூப்பிட்ட ஹவில்தார் ஐயா போன மாதம் தவறிவிட்டார். வயது 82. பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டதால் நான் போடவில்லை, நீங்களும் போடாதீர்கள்.

சாவு வீட்டில் நான் பார்த்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மாலை போட வந்தவர்களில் பாதிப்பேர் யார் என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு பாட்டி வந்தார். மாலை இல்லை, கையில் ஒரு துணிப்பை மட்டும். அதிலிருந்து தன் பேங்க் பாஸ்புக்கை எடுத்து அவர் காலடியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார், பிறகு கண்ணில் ஒற்றி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் பேசவில்லை. ஓய்வூதியம் வாங்குகிற விதவை என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஐயா 1963இல், சீனப் போருக்கு அடுத்த வருடம், ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். பெங்களூரில் பயிற்சி. 1965, 1971 இரண்டு போரையும் பார்த்தவர். 1984இல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர், தன் செக்‌ஷனில் கூட இருந்து 1975இல் சர்வீஸிலேயே நோயில் இறந்துபோன நண்பரின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருக்கிறார். ஒன்பது வருடம் கழித்துத் துக்கம் கேட்பது, ஆனால் லீவில் வந்தபோதெல்லாம் போக முடியாமல் போயிருக்கிறது. அந்த அம்மா வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தார். பென்ஷன் எவ்வளவு வருகிறது என்று இவர் கேட்க, பென்ஷனா என்று அவர் கேட்டிருக்கிறார்.

விஷயம் இவ்வளவுதான். நண்பர் லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு திரும்பிப் போனவர், அதை யூனிட்டில் எழுதி வைக்கவில்லை. குடும்ப விவரம் பதிவாகும் பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட் உத்தரவில் மனைவி பெயர் ஏறவில்லை. ராணுவத்தைப் பொறுத்தவரை அவருக்கு மனைவியே கிடையாது. ஐயா தன் கைக்காசில் பெங்களூர் ரெக்கார்ட் ஆபீஸுக்கு நான்கு முறை போய் வந்தார். பஞ்சாயத்துத் தலைவர் சான்று, கோயிலில் கல்யாணம் நடந்ததற்குச் சாட்சிகள், தாசில்தார் கையெழுத்து என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து 1986 கடைசியில் குடும்ப ஓய்வூதியம் வந்தது. தான் உதவியவர்களை எழுதி வைத்த அவருடைய 192 பக்க நோட்டில் முதல் பெயர் அந்த அம்மாவுடையதுதான். அன்றிலிருந்து ஏறக்குறைய 40 வருடம் இதே வேலைதான் அவருக்கு.

உங்களுக்கு அவரைத் தெரிந்திருந்தால் எழுதுங்கள். வெறும் இரங்கல் போதாது, உங்கள் விஷயத்தில் அவர் எந்தக் காகிதத்தை எப்படிச் சரிசெய்தார் என்பதையும் எழுதுங்கள். அதுதான் மற்றவர்களுக்கு உதவும்.

பாபநாசம் மகள் எழுதியது:

அப்பா இறந்தபோது எனக்கு 14 வயது. அம்மாவை வீட்டிலும் ஊரிலும் கூப்பிடுவது ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், அப்பாவின் ரெக்கார்டில் மூன்றாவதாக ஒரு பெயர். நம் பக்கத்தில் இது சாதாரணம். பட்டாளத்தில் ஃபார்ம் நிரப்பிய கிளார்க்குக்கு இனிஷியல் என்றால் என்ன என்றே புரிவதில்லை, அப்பா பெயரை விரித்து எழுதி அதையே குடும்பப் பெயராக்கிவிடுகிறார்கள். பிறகு பேங்கில் போய் நின்றால் இது வேறு ஆள் என்கிறார்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தோம். எங்கே என்று சொல்ல விரும்பவில்லை, ஆனால் ஒரு கவுன்டரில் அம்மாவைப் பார்த்து, நீதான் அவர் பெண்டாட்டி என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம்தான் யாரோ சொல்லி ஐயா வந்தார். விடியற்காலை, நாங்கள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கினார். தோளில் ரெக்சின் பை. அதில் வெள்ளைத்தாள் ஒரு கட்டு, கார்பன் தாள், ஸ்டாம்பு பேடு, நூல் கட்டிய பேனா, ஒரு பசை டப்பா. காபி கூடக் குடிக்கவில்லை. அம்மாவிடம் அவர் முதலில் கேட்டது, "தாயி, அவர் எழுதின லெட்டர் ஏதாச்சும் வச்சிருக்கியா?" என்று.

அம்மா அரிசிப் பானைக்குள் வைத்திருந்த இன்லேண்டு கடிதங்களை எடுத்துக் கொடுத்தார். அவர் எதையும் படிக்கவில்லை. மேலே இருந்த முகவரியையும் யூனிட் முத்திரையையும் தேதியையும் மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு, உள்ளே இருப்பது உனக்கு எழுதினது, எனக்கு வேண்டாம் என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த உறைகளின் நகலையும் மூன்று பெயரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துத்தான் பெயர் திருத்தம் நடந்தது. எட்டு மாதம் ஆனது. நான் இன்று டீச்சராக இருக்கிறேன் என்றால் அந்த நிலுவைத் தொகையில் கட்டிய காலேஜ் ஃபீஸ்தான் காரணம்.

சிக்னல்மேன் எழுதியது:

நான் 1984இல் சேர்ந்தவன். 1987இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனேன். அங்கே பக்கத்தில் வெடித்ததில் இடது காது போய்விட்டது, வலது காதும் பாதிதான். 2002இல் வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு ஊனம் 20 சதவீதம் என்று எழுதியது. அதே தாளில், பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல என்றும் எழுதியது. அந்த ஒரு வரியால் ஊன ஓய்வூதியம் இல்லை. சரி, நம் தலையெழுத்து என்று தாளை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

2015இல் தஞ்சாவூரில் முன்னாள் படைவீரர்களுக்கான ஈசிஎச்எஸ் பாலிகிளினிக் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் ஐயா. டோக்கன் எண்ணை இரண்டு தடவை கூப்பிட்டும் நான் திரும்பவில்லை. தோளைத் தொட்டு, "எந்தப் போர்டு, எத்தனை பர்சென்ட்?" என்று காதுக்கு அருகில் கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. அடுத்த நாளே வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

எனக்கு அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது: சேரும்போது நடந்த மெடிக்கலில் எந்தக் குறையும் குறிக்கப்படாமல் இருந்து, பிறகு குறை வந்தால், அது பணியால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு துறையினுடையது, ஜவானுடையது அல்ல. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கு: சர்வீஸ் முடித்து முறையாக ஓய்வு பெற்றவர்களுக்கும் ஊன சதவீதத்தை மேலே உயர்த்திக் கணக்கிட வேண்டும், அதாவது 20 என்று இருந்தால் 50ஆக. இந்த இரண்டு தீர்ப்பின் நகலும் அவர் பையில் எப்போதும் இருக்கும். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து செலோ டேப் ஒட்டியிருக்கும். பத்தாம் வகுப்பு வரை படித்த மனிதர், எந்தப் பத்தியில் எது இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுவார்.

சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு மூன்று தடவை உழவன் எக்ஸ்பிரஸில் என்னோடு வந்தார். அவர் டிக்கெட்டுக்கு நான் காசு கொடுத்தால் வாங்கமாட்டார். வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிவருவார், அதில் பாதி எனக்கு. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஆனால் நிலுவை முழுவதும் கிடைக்கவில்லை, மனு போட்ட தேதிக்கு முந்தைய 3 வருடத்துக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். பெட்டியில் பூட்டி வைத்திருந்த மற்ற வருடங்களெல்லாம் போனது போனதுதான். திரும்பி வரும்போது விழுப்புரம் தாண்டியும் அவர் தூங்கவில்லை. ஜெயித்த சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை, இன்னும் எத்தனை பேர் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறானோ என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

தயவுசெய்து உங்கள் அப்பா, சித்தப்பா, தாத்தா பெட்டியைத் திறந்து பாருங்கள்.

தென்னந்தோப்பு எழுதியது:

கஜா நேரத்தை நான் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை புயல். அந்த மாதம்தான் ஓய்வூதியம் வாங்குகிற எல்லோரும் உயிரோடு இருப்பதற்கான லைஃப் சர்டிபிகேட்டைப் பேங்கில் கொடுக்க வேண்டிய மாதம், கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு எங்கும் கரண்ட் இல்லை, எங்கள் ஊருக்கு வர வாரக்கணக்கில் ஆனது. எங்கள் தோப்பில் நின்ற மரத்தை எண்ண ஒரு கை விரல் போதும். சோற்றுக்கே வழி தெரியாமல் நிற்கும்போது லைஃப் சர்டிபிகேட் யாருக்கு ஞாபகம் வரும்?

அவருக்கு வந்தது. அப்போது அவருக்கு 75 வயது. மரம் விழுந்து கிடந்த ரோட்டில் சைக்கிளை ஓட்டவும் முடியாது, தூக்கிக்கொண்டு வந்தார். ஊருக்கு ஊர் நோட்டில் இருந்த பெயர்களைக் கூப்பிட்டு, நடக்க முடியாதவர்களை ஒரு டாடா ஏஸில் ஏற்றி, திறந்திருந்த கிளைக்குக் கூட்டிப்போனார். வண்டிக்கு டீசல் போட்டவர் இன்னொரு முன்னாள் படைவீரர். என் அம்மாச்சி அந்த வண்டியில் போனவர். வீட்டின் மேல் ஓடு இல்லாத அந்த டிசம்பரில் அவர் ஓய்வூதியத்தில்தான் எங்கள் வீட்டில் ஏழு பேர் சாப்பிட்டோம்.

ஓய்வுபெற்ற எழுத்தர் எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னாள் படைவீரர் நலன் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் பல வருடம் இருந்தவன் நான். ஐயா வருகிறார் என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். மேஜையைத் தட்டுவார். ஆனால் அவர் கொண்டுவரும் ஃபைலில் ஒரு தாள் குறைவாக இருந்து நான் பார்த்ததில்லை. திருப்பி அனுப்பக் காரணமே இருக்காது.

என் வருத்தம் வேறு. சட்டப்படி கிடைக்க வேண்டியதைக் கிடைக்கச் செய்ய ஒரு மனிதர் 40 வருடம் சைக்கிள் மிதிக்க வேண்டியிருந்தது என்றால் அதில் எங்கள் தரப்புத் தவறும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதே சமயம் அத்தனை ஊரும் ஒரே ஆளை நம்பிக் காத்திருந்ததும் சரியல்ல. இப்போது பாருங்கள், அவர் போனதும் எந்த ஃபைல் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவரிடமே நான் இதைச் சொல்லியிருக்கிறேன். கூட இரண்டு பையன்களை வைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்றேன். பையன்கள் வேலைக்குப் போக வேண்டாமா என்றார்.

புதாற்றங்கரை எழுதியது:

நீங்கள் சொல்வதில் தப்பில்லை சார். எங்கள் ஊர் ஆட்களும் அவரிடம் போனால் போதும் என்று இருந்துவிட்டோம். ஒருவர் கூட அந்த நோட்டைத் திறந்து பார்க்கவில்லை.

மன்னார்குடியான் எழுதியது:

எனக்கு அவர் மேல் ரொம்ப நாள் கோபம் இருந்தது. தாத்தாவும் அப்பாயியும் இறந்த பிறகு எங்கள் அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்கப் பார்த்தோம். விவாகரத்தான மகளுக்குக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தோம். அத்தை புருஷன் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டில் இருந்தார், கோர்ட்டுக்குப் போகவில்லை. பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டதாக ஒரு தாள் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டோம். பணமும் தருவதாகச் சொன்னோம்.

எழுந்து நின்றுவிட்டார். "கோர்ட் தீர்ப்பு இல்லாம ஒரு வரி எழுத மாட்டேன். ஒண்ணு பொய்னு தெரிஞ்சா நான் கொண்டுபோற அடுத்த பத்து நெசத்தையும் சந்தேகப்படுவான்" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து அத்தையிடம் தனியாக, உனக்குத் தையல் தெரியுமா என்று விசாரித்து, அரசு உதவியில் தையல் மெஷின் கிடைக்க எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அப்போது எங்களுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. இன்று எழுத்தர் சார் எழுதியதைப் படித்தபோதுதான், அவர் ஃபைல் ஏன் திரும்பி வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

கமிஷன் ஆட்களை அவர் விரட்டியதையும் யாராவது எழுதுங்கள். 2015 நவம்பரில் ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் உத்தரவு வந்தபோது, நிலுவை வாங்கித் தருகிறேன் என்று பாஸ்புக்கைப் பிடுங்கிவைத்தவர்கள் இருந்தார்கள்.

பாபநாசம் மகள் எழுதியது:

ஆமாம், எங்கள் ஊருக்கும் ஒருவர் வந்தார். ஐயா சொல்லியிருந்ததால் தப்பித்தோம். நிலுவை மற்றவர்களுக்கு நான்கு தவணை, விதவைகளுக்கு ஒரே தவணை, அது தானாக வரவேண்டியது, எவனுக்கும் காசு கொடுக்காதே என்று வீடு வீடாகச் சொன்னார். பிறகு ஒவ்வொருவர் பாஸ்புக்கையும் வாங்கிப் பார்த்து, ஒரே தவணையாக ஏறியிருக்கிறதா என்று டிக் அடித்தார்.

வடவாறு எழுதியது:

நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பேங்கிலிருந்து ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய ஆன்லைன் முறைக்கு ஓய்வூதியக் கணக்கு மாறிய நேரத்தில் ஐயா வாரத்தில் மூன்று நாள் என் கடையில்தான் இருந்தார். கூட்டிவரும் பாட்டிகளுக்குக் கைரேகை விழாது. வாழ்நாள் முழுவதும் நாற்றும் களையுமாக இருந்த விரல், ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். எண்ணெய் தடவி, துடைத்து, பத்து விரலும் மாற்றி மாற்றி வைப்போம். அவருக்கே இடது கையில் இரண்டு விரல் கிடையாது. 1971இல் பசந்தர் ஆற்றுப் பக்கம் டாங்குகளுக்காகக் கண்ணிவெடி நீக்கி வழி செய்த சாப்பர்களில் அவரும் ஒருவர், அந்தச் சண்டை முடிந்து வயல்களைச் சுத்தம் செய்தபோது போன விரல்கள் அவை. ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் ஒரு பாட்டி கைரேகை விழவில்லை என்று அழுதபோது, எனக்கு விரலே இல்லை ஆத்தா, எனக்கே வருது என்று தைரியம் சொல்வதற்காக.

முகத்தைக் காட்டி லைஃப் சர்டிபிகேட் எடுக்கும் வசதி 2021 கடைசியில் வந்தது. மறுநாளே வந்து கற்றுக்கொண்டார். எந்த பட்டன், எந்த நிறம், அடுத்து என்ன வரும் என்று தமிழில் நோட்டில் எழுதிக்கொண்டார். ஓடிபி கேட்டு போன் வந்தால் கட் பண்ணு என்று கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருப்பார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் அவர் ஓடவில்லை. ஜவான்களுக்கு 15 வருடம் முடிந்தால்தான் சர்வீஸ் ஓய்வூதியம். அதற்கு முன்பே வெளியே வந்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். ஹவில்தார் வரைக்குமான பதவியில் இருந்து, ஓய்வூதியம் இல்லாமல், 65 வயது தாண்டியிருந்தால் மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டில் மாத உதவி இருக்கிறது. 4,000 ரூபாயாக இருந்ததை 2025இல் 8,000 ஆக்கினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று கடைக்கு வந்து பிரிண்ட் கேட்டார். 50 நகல். அதுதான் அவர் என்னிடம் கடைசியாக எடுத்த பிரிண்ட்.

அந்த நோட்டை ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்கும்படி போடலாமா?

சிக்னல்மேன் எழுதியது:

தம்பி, வேண்டவே வேண்டாம். அதில் ஒவ்வொருவர் பிபிஓ (ஓய்வூதிய ஆணை) எண், பேங்க் கணக்கு எல்லாம் இருக்கும். நடைமுறை எழுதியிருக்கும் பக்கங்களை மட்டும் எடுங்கள்.

புதாற்றங்கரை எழுதியது:

நேற்று அம்மாவைப் போய்ப் பார்த்தேன், ஐயாவின் மனைவியை. எங்களை உட்காரவைத்து அவரே ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். ஐயா தனக்காகப் போட்டு வைத்திருந்தது. பிபிஓ நகல், ஜாயின்ட் போட்டோ, அம்மாவின் ஆதார், பேங்க் விவரம், ஒவ்வொன்றிலும் ஐந்து நகல். மேலே ஒரு தாளில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: முதலில் இறப்புச் சான்று பத்து நகல் வாங்கு, அப்புறம் இந்த ஃபைலை எடுத்துக்கொண்டு இன்ன இடத்துக்குப் போ, யார் கேட்டாலும் ஒரிஜினலைக் கையை விட்டுக் கொடுக்காதே. அம்மாவின் பெயர் பிறந்த தேதி எல்லாத் தாளிலும் ஒன்றாக இருந்தது. குடும்ப ஓய்வூதியத்துக்கான விண்ணப்பம் காரியம் முடிந்த மறுநாளே போய்விட்டது.

நோட்டுகள் மொத்தம் பதினொன்று. அம்மா அதை வீட்டை விட்டு வெளியே தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அதுதான் சரி. வந்து உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்றார். முடியாத வேலைகளுக்கு எதிரில் டிக் இல்லாமல் சின்ன வட்டம் போட்டிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், 23 வட்டம். சிக்னல்மேன் அண்ணனும் எழுத்தர் சாரும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வடவாறு தம்பி லேப்டாப் கொண்டுவருகிறார். காலை 6 மணி, அவர் வழக்கமாக உட்காரும் அதே டீக்கடை பெஞ்சு, பிறகு வீட்டுக்குப் போவோம்.

எழுத்தர் சார் வருகிறேன் என்று சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். நன்றி சார்.

வெண்ணாற்றுக்காரி எழுதியது:

வணக்கம். நான் இங்கே புதிது. அப்பா 1971 போர் சமயத்தில் பட்டாளத்தில் இருந்தவர், ஓய்வூதியம் கிடையாது. இப்போது படுத்த படுக்கை. டிஸ்சார்ஜ் புக் கஜாவில் ஓடு பறந்தபோது நனைந்து கூழாகிவிட்டது. எங்களிடம் வேறு எதுவும் இல்லை. அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி மட்டும் இருக்கிறது, அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் ஏதோ நம்பரும் பெயரும் எழுதியிருக்கிறது. இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

புதாற்றங்கரை எழுதியது:

முடியும் அக்கா. அதுதான் அவருடைய படை எண். அந்த எண் இருந்தால் ரெக்கார்ட் ஆபீஸில் அவர் ஆவணத்தைத் தேடச் சொல்லலாம், டிஸ்சார்ஜ் புக்குக்கு நகல் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. பெட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். எண்ணை இங்கே போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போட்டோவும் அப்பாவின் ஆதாரும் எடுத்துக்கொண்டு வாருங்கள், வர முடியாவிட்டால் ஊர் பெயரை மட்டும் தனியாகச் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம். உங்கள் ஊர் ஐயாவின் நோட்டில் இருக்கிறதா என்று இன்று சாயங்காலம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.